கிரகண நாளில் கத்தரிக்கோல்

இந்த ஊரில் முட்டைக்கு ஜன்னல் வைக்கிறார்கள். ரொறொன்ரோவுக்கு வந்து ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஓட்டில் சிறு சதுரம் வெட்டி, ஒட்டுநாடாவால் மூடி, வேண்டியபோது திறந்து, உள்ளே வளரும் குஞ்சின் முகத்தைப் பார்க்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் நான் விலங்கியல் படித்தபோது மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. அடைகாப்புப் பெட்டி சும்மா கிடக்க, செய்முறைக்கான முட்டைகளை அடைக்கோழியிடம் கொடுத்தோம். திருப்பிக் கேட்டபோது அது எங்களைக் கொத்தியது. இங்கே எதுவும் கொத்துவதில்லை.

முகம் ஒரே துண்டாக முளைப்பதில்லை. தனித்தனி மொட்டுகளாக வளர்ந்து, நடுவில் சந்தித்து ஒட்டிக்கொள்கிறது. உயிர்க்கலங்களின் மேற்பரப்பிலுள்ள பிடிப்பு மூலக்கூறுகள்தான் கைகோப்பதுபோல ஒன்றையொன்று பற்றுகின்றன. பற்றாவிட்டால் பிளவு. எந்த மூலக்கூறு, எந்த வேளையில் என்று தேடுவதே எங்கள் வேலை. அந்த நாட்களில்தான் நெல்லியடியில் என் தங்கை சாந்திக்கு மேலுதடு பிளந்த பெண் குழந்தை பிறந்தது. கடவுளே, உனக்கு வேறு வீடு கிடைக்கவில்லையா என்று அழுதேன்.

போரால் தரைப்பாதை மூடியிருக்க, குழந்தையின் சத்திரசிகிச்சைக்காகக் கிளாலியில் படகேறிக் கொழும்புக்கு வந்தவள், தங்கியிருந்த லொட்ஜிலிருந்து அழைத்தாள்.

“கிரகணத்தண்டு நான் பிலாக்காய் வெட்டினதாலைதானாம், மாமி சொல்லுறா. பற்றரி இல்லாமல் ரேடியோவும் கேக்கேல்லை, அக்கா. கிரகணமெண்டே எனக்குத் தெரியாது.”

“விசர்க்கதை. அதாலை இல்லை.”

“அப்ப எதாலை?”

“தெரியாது. ஒருத்தருக்கும் இன்னும் வடிவாத் தெரியாது.”

“உதைப் படிக்கவோ அவ்வளவு தூரம் போனனி?”

கோபமில்லை, உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டாள். அவளுடைய மாமியாரிடம் ஒரு காரணமாவது இருந்தது. என்னிடம் அதுவும் இல்லை.

அடுத்த கிழமை இங்கே சூரிய கிரகணம். எனக்கு மூன்றாம் மாதம் முடியவிருந்தது. வயிற்றிலிருந்த பிள்ளைக்கு மேலுதடு எப்போதோ ஒட்டி முடிந்திருக்கும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மத்தியான வெயில் மங்கத் தொடங்கியபோது, முட்டையை வெட்டிக் குஞ்சைப் பிரித்தெடுக்கச் சொல்லி பொறுப்பாளர் ஹெலன் கத்தரிக்கோலை நீட்டினார். என் கை போகவில்லை. ஏனென்று எனக்கே விளங்கவில்லை. “பிறகு செய்கிறேன்” என்றேன். “ஓ, கிரகணம் பார்க்கப் போகிறாயா!” என்று மகிழ்ந்து, அட்டைக் கண்ணாடி ஒன்றைக் கையில் திணித்து வெளியே அனுப்பினார். பிள்ளைத்தாச்சி கிரகணத்தில் வெளியே போவதா! கழிவறைக்குள் புகுந்து, கையைக் கட்டிக்கொண்டு, வெளிச்சம் திரும்பும்வரை நின்றேன். படித்த கழுதை என்று என்னையே திட்டிக்கொண்டேன். திட்டினேனே தவிர, வெளியே வரவில்லை.

அன்று மாலை சாந்தி அழைத்தாள்.

“உங்கை கிரகணமெண்டு பேப்பரிலை கிடந்தது. அந்த நேரம் நீ வயித்துப் பிள்ளையோடை கத்தி, கத்தரிக்கோல் தொட்டனியோ, அக்கா?”

இல்லையென்று சொன்னால் அவள் தலையில் பழியை நானே ஏற்றியதாகிவிடும்.

“ஓம், தொட்டனான். முட்டை வெட்டினனான்.”

“உண்மையாவோ?”

“உண்மையா.”

குழந்தை சிணுங்கியது. பிறகு அவள் விம்மினாள். “படிச்ச நீயே பயப்பிடாமல் தொட்டனியெண்டால், அப்ப என்னாலை இல்லை.”

“உன்னாலை இல்லையடி.”

அதைச் சொல்லும்போது ஒரு கை தொலைபேசியைப் பிடித்திருந்தது. மற்றக் கை வயிற்றைப் பொத்தியபடியே இருந்தது.