வெள்ளையாகக் கழுவிய பஞ்சு

காலையில் எங்கள் தொட்டியில் மூன்று கொய் மீன்கள் செத்து மிதந்தன. மிஞ்சிய ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

காத்தான்குடியில் வளர்ப்பு மீன் விற்கும், நாங்கள் நானா என்று அழைக்கும் அண்ணனிடம் ஓடினேன்.

“பில்டர் பஞ்சக் கழுவின நீங்களா?”

“ஓம் நானா, போன கிழமை. வெள்ளத்துக்குப் பிறகு குளோரின் போட்ட கிணத்துத் தண்ணியில, வெள்ளையாகும் வரைக்கும் கழுவினன்.”



“தம்பி, மீன்ட கழிவு நஞ்சாகாமப் பாத்த கிருமியெல்லாம் அந்த ஊத்தையிலதான் இருந்த. குளோரின்ல எல்லாம் செத்துட்டு. ஆர்ட தொட்டியிலயாவது கிடந்து கிருமி புடிச்சுப் பழகின பஞ்சு வாங்கிப் போடுங்க. மத்தது தப்பும்.”

மூன்றையும் தென்னையடியில் புதைத்தேன்.

எங்கள் நாவற்குடாப் பக்கம் கொய் வளர்ப்பவர்கள் இருந்தால், உங்கள் பில்டர் பஞ்சில் ஒரு துண்டு தாருங்கள்.

தயவுசெய்து கழுவாமல்.