தனியாள் தூக்கும் வாள்

நானாட்டான் சந்தியில் மெசின் சாமான் விற்கும் கடையில், மரம் அரியும் மெசின் வாள்களை உங்கள் மாமா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தது இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கிறது. தூக்குவார், கையை நீட்டிக் கொஞ்ச நேரம் பிடித்திருப்பார், பிறகு என்னிடம் தருவார். "நீ பிடிச்சுப் பார், மச்சான்" என்பார். சந்தையில் பூசணிக்காய் வாங்க வந்தவர்கள் மாதிரி நிற்கிறோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பிள்ளைகளே, நீங்களும் அம்மாவும் மாமா வீட்டாரும் அப்போது இந்தியாவில் முகாமில் இருந்தீர்கள். சண்டை முடிந்து, கண்ணிவெடியெல்லாம் எடுத்து, காணிகளுக்குப் போகலாம் என்று சொன்னதும் நானும் அம்மாவின் அண்ணனான மாமாவும் உங்களுக்கு முதலே ஊருக்கு வந்துவிட்டோம். எங்களுடையது பக்கத்துப் பக்கத்துக் காணி. இரண்டும் முள் உடைமரமும் புதர்ப் பத்தையுமாக, கிணறு எங்கே என்று தெரியாமல் கிடந்தன. காடு வெட்டினால்தான் குடியிருக்கக் கொட்டில் போடலாம். கொட்டில் போட்டால்தான் உங்களைக் கூப்பிடலாம். இரண்டு குடும்பமும் பழையபடி ஒரு வேலிக்கு இரு பக்கமும் இருக்கவேண்டும் என்பதுதான் என் ஆசை முழுவதும். கோடாலியால் ஏலவில்லை. இருவரும் காசு சேர்த்துக்கொண்டு வாள் வாங்கப் போனோம்.

எனக்குப் பெரிய வாளில்தான் கண். மர ஆலைக்காரர் பாவித்துக் கழித்தது, விலையும் குறைவு. மாமா வேண்டாம் என்றார். எங்கள் ஊர் மரங்களுக்குள் சண்டையில் வெடித்த செல்லின் இரும்புத் துண்டுகள் ஏறிக் கிடக்கின்றன. சங்கிலி அதில் பட்டால் பல் போய்விடும். எங்கள் ஒழுங்கையில் ஒருவர் வாங்கிய பெரிய வாள் முதல் மரத்திலேயே சங்கிலி அறுந்து, அந்த அளவுச் சங்கிலி எங்கும் கிடைக்காமல் கோழிக்கூட்டின் மேல் கிடந்தது. கரண்டில் ஓடுவது மலிவுதான், ஆனால் ஊருக்குக் கரண்டே வரவில்லை. ஆகவே பெற்றோலில் ஓடும் சின்ன வாள். புதியது, சங்கிலி அந்தக் கடையிலேயே கிடைப்பது, கை தவறினால் சங்கிலியை நிறுத்தும் பிறேக் உள்ளது. எப்போதாவது எடுக்கிற எங்களுக்கு இது காணும் என்றார் மாமா.

தனிய நின்று மரம் தறிக்கக்கூடாது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லிவைத்தார். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோமே என்று நான் சிரித்தேன். மாமா சிரிக்கவில்லை. வாளை ஸ்ராட் பண்ணும் கயிற்றை என்னையே திரும்பத் திரும்ப இழுக்கவைத்தார்.

பஸ்ஸில் வாளை மடியில் வைத்துக்கொண்டு, "பெரிசெண்டா நீ தனியத் தூக்கமாட்டாய், மச்சான்" என்றார்.

"நான் ஏன் தனியத் தூக்கிறன்? நீ எங்க போறாய்?"

வயலைப் பார்த்தபடி சொன்னார்: "மூத்தவள் அங்க படிக்கிறாள். அவையள் வரமாட்டம் எண்டிட்டினம். நான் இஞ்ச இருந்து என்ன செய்ய?"



என் காணியைத்தான் முதலில் வெட்டுவோம் என்றார் மாமா. ஒவ்வொரு மரத்தையும் சுற்றிவந்து பட்டையைத் தடவுவார். புடைத்த இடம் கையில் பட்டால், உள்ளே செல் துண்டு இருக்கும் என்று அதை விட்டுத் தள்ளி வெட்டச் சொல்வார். மழைக்கு முதல் காணி வெளித்தது. கொட்டிலுக்குக் கிடுகு வேய்ந்து தந்துவிட்டு இந்தியாவுக்கே திரும்பிப் போனார். தன் காணியில் ஒரு தடிகூட அவர் வெட்டவில்லை.

அதை நான்தான் வெட்டினேன், தனியே. நீங்கள் வந்த பிறகும் வருசாவருசம் மாரிக்கு முதல் பத்தையை எடுத்து, அவர்களின் கிணறுவரை பாதை திறந்துவைத்தேன். யாருக்கு என்று நீங்கள் கேட்டால், மாமா வருவார் என்பேன். அவரும் போனில் கேட்பார், என்ர காணி எப்பிடிக் கிடக்கு என்று. துப்பரவாகக் கிடக்கிறது, வா என்பேன்.

இந்த வருசம் அவருடைய மூத்தவளுக்கு அங்கேயே கலியாணம் முடிந்தது. அடுத்த நாள் போன் எடுத்தார். "இனி என்ர காணிய வெட்டாத, மச்சான். மரம் நிண்டா நிக்கட்டும்."

ஓம் என்றேன். பெய்த மழைக்கு உடைக்கன்றுகள் வேலியளவுக்கு வந்துவிட்டன. நேற்று அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு, அண்ணனின் கிணறு தெரியவில்லையே, ஏன் இன்னும் வெட்டவில்லை என்று கேட்டாள். மாமா போனில் சொன்னதைச் சொல்லாமல், வாள் பழுது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.