குக்கர் அக்கா கழுவிய தட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நாங்கள் வைத்த பெயர் குக்கர் அக்கா. முதல் விசிலுக்கு மூக்கு விடைக்கும். இரண்டாவதற்கு "ம்ஸ்ஸ்" என்று ஒரு மூச்சு. மூன்றாவது வருவதற்குள் அறை காலியாகிவிடும். செல்களை இளஞ்சூட்டில் வளர்க்கும் இன்குபேட்டர் கதவைச் சரியாகச் சாத்தாதவன் தொலைந்தான். "செல்லுக்கு ஜலதோஷம் புடிச்சா உங்கப்பாவா வந்து தைலம் தேய்ப்பாரு?"

வைரஸ் எப்படிப் பக்கத்துப் பக்கத்துச் செல்களை ஒன்றாக உருக்கிச் சேர்க்கிறது என்று பார்ப்பது அவள் வேலை. முழு வைரஸ் தேவையில்லை. அதன் ஒட்டும் புரதத்தை ஒரு கூட்டம் செல்களில் முளைக்க வைப்பாள். அந்தப் புரதம் மாட்டிக்கொள்ளும் கொக்கியை இன்னொரு கூட்டத்தில். பச்சையாக ஒளிரும் இன்னொரு புரதத்தை இரண்டாக்கி, இரண்டு கூட்டத்துக்கும் ஆளுக்குப் பாதி. தனித்தனியாக இருக்கும்வரை இருட்டு. நடுச்சுவர் உடைந்து ஒன்றானால் பாதிகள் சேர்ந்து பச்சை எரியும். ஒரே பைக்குள் ஏகப்பட்ட உட்கருக்களோடு பூதம் மாதிரி ஒரு செல் படுத்துக் கிடக்கும். கடைசியில், செல்கள் ஒட்டி வளர்ந்த தட்டைக் கழுவிப் படம் எடுத்து, பச்சையை அளக்க வேண்டும்.

இந்த உருகலை நிறுத்தும் மருந்து ஒன்று அகப்பட்டால் அவள் ஆய்வேடு முடியும். அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாம் முடித்துப் போய், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலும் சேர்த்துவிட்டார்கள்.

அன்று மருந்து போடாத தட்டுகளைக் கழுவி முடித்துவிட்டு, மருந்து போட்ட தட்டைக் கையில் எடுத்தாள். அண்ணன் போன். கையில் உறை மாட்டியிருந்ததால் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். போட்டேன்.

"ஏம்மா, உன் ரூம்ல அண்ணி தையல் மெஷின் போட்டிருக்கா. சும்மாதானே கெடக்கு?"

"என் கட்டில் எங்க?"

"மாடில நிக்க வெச்சிருக்கு."

"மழைலயா?"

"தார்ப்பாய் போட்டிருக்கோம்ல! ஆமா, அந்த ஒட்டுற வேலை உனக்கு இன்னும் முடியலையா?"

"என்னைக் கேக்காம என் கட்டில்ல எவன் கை வெச்சான்?" அவள் கத்தக் கத்த, கை தன்பாட்டுக்குக் கழுவிக்கொண்டிருந்தது.

படம் வந்தது. மருந்துத் தட்டில் பச்சையே இல்லை. மருந்து உருகலை நிறுத்திவிட்டது! எங்கள் பேராசிரியர் ஓடி வந்தார். அவருக்குப் பாதிப் பேச்சு மூக்கில்தான். "எக்ஸலெ...ண்ட்மா! வெள்ளிக்கிழமை வெளியிலேர்ந்து மதிப்பீட்டுக் குழு வருது, காட்டிடலாம். உன் ஆய்வேட்டையும் கட்டிடலாம்!"

உறுதிப்படுத்திக்கொள்ள அக்கா மறுபடி செய்தாள். மருந்து போட்டும் பச்சை. இன்னொரு தரம். இன்னும் நல்ல பச்சை. மருந்தைத் திட்டினாள், செல்லைத் திட்டினாள், தும்மியதற்கு என்னைத் திட்டினாள். அப்புறம், தட்டில் கழுவுநீர் விடும் பிப்பெட் குழாயையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டேய், எங்கண்ணன் மாதிரி பேசு."

"எதுக்குக்கா?"

"பேசுடா!"

எதிரே மருந்தே போடாத இரண்டு தட்டுகள். ஒன்றை ஓரமாக, சொட்டுச் சொட்டாகக் கழுவி வைத்தாள். அடுத்ததற்கு நான் தார்ப்பாயிலிருந்து ஆரம்பித்தேன். தையல் மெஷினுக்கு வந்தபோது கழுவுநீர் சுர்ரென்று தட்டின் நடுவில் பாய்ந்தது. வழிந்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்தாள்.

முதல் தட்டில் பச்சை. இரண்டாவதில் இருட்டு. நுண்ணோக்கியில் பார்த்தால், பூதங்கள் எல்லாம் கிண்ணத்தில் மிதந்தன, பச்சையாகப் பளபளவென்று. உருகிச் சேர்ந்த செல்லுக்குத் தட்டைப் பிடிக்கும் பிடி தளர்ந்துவிடுகிறது. நீரை வேகமாக அடித்தால் அதுதான் முதலில் பெயர்கிறது. அன்று போனில் கத்திக்கொண்டே மருந்துத் தட்டை அவள் கழுவியதும் இப்படித்தான்.

பேராசிரியரிடம் போனோம். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வேற யாருக்கும்மா தெரியும்?"

அக்காவுக்கு மூக்கு விடைத்தது. "எனக்குத் தெரியும் சார்."

"முதல் படம் நெஜமா எடுத்த படம்தானே? வெள்ளிக்கிழமை முடியட்டும், அப்புறம் மெதுவா..."

"ம்ஸ்ஸ்... அத நிறுத்துனது மருந்து இல்ல சார், எங்கண்ணன். அவன் பேரையும் ஸ்லைடுல போடுவீங்களா?"

"உன் ஆய்வேடு என்னாகும், யோசிச்சியா?"

"அத வெச்சு என்னை மெரட்டுறீங்களா?" மூன்றாவது விசில். வராந்தாவில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "அந்தப் படம் திரையில வந்துச்சுன்னா, கிண்ணத்தோட நான் எழுந்து நிப்பேன். குழுவே எட்டிப் பாக்கட்டும்!"

வெள்ளிக்கிழமை அந்தப் படம் வரவில்லை. ஆய்வேடும் கட்டப்படவில்லை. பேராசிரியர் அவளிடம் 'எக்ஸலெண்ட்' சொல்வதை விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை அக்கா அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"மெஷின வெளிய எடு. கட்டில எறக்கு."

"ஏம்மா, முடிச்சிட்டியா? வரப்போறியா?"

"முடியல. எப்ப முடியும்னும் தெரியல. அது என் ரூம். எறக்கு."

போனை அணைத்து, வெளியறை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். புது உறை மாட்டிக்கொண்டு அடுத்த மருந்தின் தட்டை எடுத்தாள். நான் வாயைத் திறந்தேன்.

"இப்ப அண்ணன் கொரல் வந்துச்சுன்னா உன்னையும் சேர்த்துப் பூட்டிடுவேன். போய் அந்த இன்குபேட்டர் கதவ ஒழுங்கா சாத்து!"