பதினொரு மாத விலக்கம்

அப்பா லேத் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தார். மீதி நேரம் சபைக்கு.

சபை என்றால் நூற்றுப்பத்துப் பேர். பழைய சபையில் தலைமை தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது பொறுக்காமல் பிரிந்து வந்தவர்கள். தங்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டார்கள். தலைவராக நிற்பவரின் தோளில் ஒருவர் கை வைப்பார், அவர் தோளில் அடுத்தவர், இப்படிக் கடைசி ஆள் வரை. ஒரு கை குறைந்தாலும் தேர்வு செல்லாது.

முதல் தலைவர் இறந்ததும் இரண்டு பேர் முன்னால் வந்து நின்றார்கள். ஒருவர் மாமா, அம்மாவின் அண்ணன். மற்றவர் கணக்கு வாத்தியார். ஏழு வாரம் இழுபறி. கடைசியில், இப்போது மாமா தலைவர், அவருக்குப் பிறகு வாத்தியாரின் மகன் என்று உள்ளுக்குள் பேசி முடித்தார்கள். எல்லோரும் தோளில் கை வைத்துச் சங்கிலியாக நின்றார்கள். அப்பா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"மாப்பிள்ளை, நமக்குள்ள அப்புறம் பேசிக்கலாம். கையை வைங்க."

"வைக்கிறேன் மச்சான். நாம எதுக்குப் பிரிஞ்சு வந்தோம்னு மட்டும் ஞாபகப்படுத்துங்க."

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை மாமா மன்னிக்கவில்லை. அடுத்த வாரம் அப்பாவை விலக்கினார்கள். நூற்றொன்பது பேரில் சங்கிலி முழுமையானது. அதில் அம்மாவின் கையும் இருந்தது.

விலக்கப்பட்டவர் திரும்பி வந்து கை வைக்கும்வரை சபையார் அவரோடு பேசக் கூடாது. மனைவியும்தான். அம்மா சமைத்தாள், துவைத்தாள், பேசவில்லை. முதல் மாதம் மட்டும் சுவரைப் பார்த்து, "சாப்பாடு ஆறுது" என்பாள். "வரேன்னு சொல்லு" என்று அப்பாவும் சுவரிடமே சொல்வார்.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து வாத்தியாரின் மனைவி இதைக் கேட்டாள். மகனின் முறை வரும்வரை காத்திருக்க வாத்தியாருக்குப் பொறுமை இல்லை. பெண்டாட்டியே பேசுகிறாள் என்றால் விலக்கம் செல்லாது, விலக்கம் செல்லாவிட்டால் சங்கிலியும் செல்லாது என்று கிளப்பிவிட்டார். அன்று சாயங்காலமே மாமா வந்தார்.

"சுவர்கிட்டயும் வேண்டாம்மா. நீ ஒரு வார்த்தை பேசினா நான் கீழே இறங்கணும்."

அம்மா அதையும் நிறுத்தினாள்.

நான் வேறு ஊரில் மருத்துவமனைக் கருவிகளைப் பழுதுபார்க்கிறேன். சபையில் சேராததால் இருவரும் என்னிடம் பேசலாம். அம்மா போன் செய்வாள்: "ரொம்ப இருமறார். மாத்திரை இருக்கான்னு கேளு." நான் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்பேன். அவர்களுக்கு நடுவே எட்டடி. நான் இருந்தது இருநூற்று எண்பது கிலோமீட்டருக்கு அப்பால்.

"ஒரு கைதானேப்பா. வெச்சிட்டா அம்மா பேசுவாங்க."

"பேசுவா. அப்புறம் அவ முகத்தைப் பார்த்து நான் என்னத்தைப் பேசறது?"

பத்தாவது மாதம் நுரையீரல் கெட்டுவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். விடுப்பு எடுத்து வந்தேன். சமையலறையில் அம்மாவின் கையைப் பிடித்துக் கெஞ்சினேன்.

"ஒரே ஒரு வார்த்தைம்மா. யாருக்கும் கேக்காது."

"எனக்குக் கேக்குமேடி. அண்ணன் இறங்கினா சபை மறுபடி ரெண்டாயிடும். உங்கப்பாவும் நானும் சேர்ந்து கட்டினது."

அப்பாவுக்கு அது கேட்டிருக்க வேண்டும். "அவளை விடும்மா" என்றார்.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு நாற்பதுக்கு ஆக்சிஜன் அளவு விழத் தொடங்கியது. அவர் விரலில் மாட்டியிருந்த மீட்டரை முந்தின நாள்தான் சரிபார்த்திருந்தேன். பிழை கருவியில் இல்லை. அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், உதட்டைக் கடித்தபடி. அவர் கடைசிவரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாமா வாசற்படியிலேயே நின்றார். "விலக்கம் உயிரோட இருக்கறவங்களுக்குத்தாம்மா. இனிமே நீ பேசலாம்."

அம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். பின்கட்டுக் குழாய் ஒழுகுவது. தனக்கு வந்த காய்ச்சல். அவருடைய நீலச் சட்டையில் பொத்தான் அறுந்தது, தைக்காமல் விட்டது. ஒவ்வொரு மாதமாக, வரிசையாக.

தூக்குவதற்குப் பட்டறை ஆட்கள்தான் வந்திருந்தார்கள். நேரமாகிறது என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்கள்.

"இருங்கப்பா" என்றாள். "இன்னும் ஆறாம் மாசத்துக்கே வரலை."