புளித்த தொட்டியும் கரிக்குருணையும்

பால் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அவள் ‘தொட்டியம்மா’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் வெளியே வரும். வேதியியல் படித்து வந்தவளை, ஆலைக் கழிவுநீர் போய்ச் சேரும் காற்றுப்புகாத பெரிய தொட்டிக்குப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். தொட்டிக்குள் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயு தரும். அந்த வாயுவில்தான் கொதிகலன் எரியும். ஒழுங்காக நடந்தால் நல்ல ஏற்பாடு. நடக்கவிட்டால்தானே!

விடாதவர் வேறு யாருமில்லை, அவளுடைய சொந்த அக்கா வீட்டுக்காரர். சீஸ் பிரிவுக்கு அவர்தான் மேஸ்திரி. சீஸ் எடுத்தபின் மிஞ்சும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பவேண்டும். அவரோ தன் பாத்திரம் காலியானால் போதுமென்று மொத்தமாகத் திறந்துவிடுவார். தொட்டி புளித்துப்போகும், வாயு படுத்துவிடும், கொதிகலன்காரர் வந்து அவளிடம் கத்துவார்.

“அத்தான், திறக்குறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?”

“சொல்லணும்னுதான் நெனச்சேன்மா. வேலைல மறந்துபோச்சு.”

வேறு யாராக இருந்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிறமாதிரி கேட்டிருப்பாள். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவரைத் திருத்த முடியாது, தொட்டியையாவது திருத்துவோம் என்று தேடிப் படித்தாள். உள்ளே இருக்கும் நுண்ணுயிர்களில் இரண்டு கூட்டம். ஒன்று அமிலத்தை உடைக்கும். மற்றது மீத்தேன் செய்யும். முதல் கூட்டம் வெளியேற்றும் எலக்ட்ரான்கள் இரண்டாவதிடம் போய்ச் சேரத் தாமதமானால் அமிலம் தேங்கிவிடும். மின்சாரம் கடத்தும் கரிக்குருணையைக் கலந்தால், அதன் வழியாக இரண்டு கூட்டமும் எலக்ட்ரான்களை நேராகவே கைமாற்றிக்கொள்ளும்.

இதைச் சொன்னதும் மேலாளர் மிரண்டார். “கரண்ட்டா? தொட்டியிலயா?”

“நாம எந்தக் கரண்ட்டும் விடப்போறதில்ல சார். கரி சும்மா உள்ள கெடக்கும், அவ்வளவுதான்.”

புரிந்ததுபோலத் தலையாட்டினார். மறுநாள் காலை, ஏணியும் ஒயர்ச்சுருளுமாக எலக்ட்ரீஷியன் தொட்டியடியில் நின்றான். “மேடம், கனெக்‌ஷன் எங்க குடுக்கணும்?”

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

குருணை கேட்டதற்கு ஸ்டோரிலிருந்து தூள் வந்தது. கரி கரிதானே என்றார்கள். திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டு ஒருநாள் லீவு போட்டாள். அந்த ஒருநாளில் அத்தான் மூட்டை மூட்டையாக அதைத் தொட்டிக்குப் போகும் தண்ணீரில் கொட்டிவிட்டார். குருணை அடிச்சேற்றோடு தங்கும், தூள் தங்குமா? தண்ணீரோடு வெளியேறி, சுத்தமான தண்ணீர் போய்ச் சேரும் கடைசிக் குளமே மை கரைத்ததுபோல் கறுத்துவிட்டது.

“உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு...” என்று இழுத்தார் அத்தான்.

வீட்டுக்கு வந்து பையை வீசினாள். “என்ன ஆச்சு?” என்றான் கணவன்.

“உங்க சகலை.”

அவன் எழுந்துபோய்க் காபி கலந்து வந்தான்.

ஒருவழியாகக் குருணை வந்தது. யாரையும் நம்பாமல் கூடவே நின்று போடவைத்தாள். மேலாளர் தினமும் வந்து, “ஏறுச்சா?” என்றார்.

“அது என்ன குக்கரா சார், உடனே விசில் அடிக்க?”

வாரங்கள் போயின. வாயு மெல்ல மெல்ல ஏறியது. அவள் மூச்சுவிடத் தொடங்கிய வேளையில் அத்தான் மறுபடி மொத்தத்தையும் திறந்துவிட்டார். தொலைந்தோம் என்று ஓடினாள். வாயு சற்றுத் தொய்ந்தது, படுக்கவில்லை. மறுநாள் பழையபடி நிமிர்ந்துகொண்டது.

கொதிகலன்காரர் தேடிக்கொண்டு வந்தார். “என்னம்மா பண்ணீங்க? நெருப்பு அணையும், உங்ககிட்ட சண்டைக்கு வரலாம்னு இருந்தேன். அணையவே இல்லையே!”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் மேலாளர் கூப்பிட்டனுப்பினார். பக்கத்திலேயே அத்தான். இரண்டு முகத்திலும் ஒரே சிரிப்பு.

“அதான் நல்லா தாங்குதேம்மா. இனிமே சீஸ் தண்ணிய மொத்தமாவே விட்டுடலாமே?”

“தாங்குதுன்னு மூட்டைமேல மூட்டை ஏத்துனா கழுதைகூட உதைக்கும் சார்!”

விறுவிறுவென்று சீஸ் பிரிவுக்குப் போனாள். வால்வின் சக்கரக் கைப்பிடியை ஸ்பேனரால் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அத்தான் பின்னாலேயே ஓடிவந்தார். “அது இல்லாம எப்படிம்மா தெறக்குறது?”

“எங்கிட்ட கேட்டு வாங்கித் தெறங்க.”

மேலாளர் இரண்டு நாள் முறைத்தார். கொதிகலன் நிற்காமல் எரிவதைப் பார்த்துச் சும்மா இருந்துவிட்டார். அத்தான் தினமும் அவள் அறை வாசலில் வந்து நிற்கிறார். எத்தனை சுற்றுத் திறக்கலாம் என்று சொல்லித்தான் கைப்பிடியைக் கொடுக்கிறாள்.

“இன்னும் ஒரே ஒரு சுத்தும்மா?”

“முடியாது அத்தான்.”