சென்றாயன் போட்ட பாதை

மலைமேல் திருப்புலி நாட்டிலிருந்து அடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கும் சுமைப்பாதையைப் போட்டவன் சென்றாயன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நான்காம் வருஷம் சர்க்கார் ஓவர்சியர் ஒருவர் அதைப் பார்வையிட மலையேறி வந்தார். முக்காலியில் மட்டம் பார்க்கும் குழாயை நிறுத்தி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு வளைவு வளைவாகப் பார்த்தார். வெறும் மூங்கிலைப் பிளந்து, அதில் தண்ணீர் ஊற்றி மட்டம் பிடித்தே இவன் இத்தனை சீராகச் சரிவு எடுத்திருக்கிறான் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

"யாரய்யா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"யாருமில்லீங்க. சுமையோட நானே ஏறி எறங்கிப் பாத்துப் போட்டதுங்க."

அவர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். ஊர்க்கவுண்டர் எல்லார் முன்னிலையிலும் ஒரு வேட்டி கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்ட சென்றாயனுக்கு ஆளில்லை. பெண்டாட்டி பொன்னாயி அவனை விட்டுவிட்டு வேலப்பனோடு போய் நாலு வருஷமாகியிருந்தது. ஊர் கூடித் தீர்த்துவைத்த விஷயம் அது. சண்டை ஒன்றுமில்லை. "இவருகிட்டப் பேசறதும் பாறைகிட்டப் பேசறதும் ஒண்ணுதானுங்க" என்று மட்டும் கூட்டத்தில் சொன்னாள்.

மழைக்காலம் முடிந்ததும் பாதை எப்படியிருக்கிறது என்று பார்க்கப் போனான். ஏழாவது வளைவில் கால் நின்றுவிட்டது. அதற்குக் கீழே அவன் போட்ட பாதையில் புல் மண்டியிருந்தது. வளைவின் ஓரத்திலிருந்து புதருக்குள் செங்குத்தாக ஒரு தடம் இறங்கியது. சந்தைக்குப் போகிற அத்தனை பேரின் காலும் பட்டுத் தேய்ந்து, சேறாகிக் கிடந்தது.

அவமானமாக இருந்தது. முள்ளை வெட்டிப் போட்டு அந்தத் தடத்தை அடைத்தான். அடுத்த சந்தை நாளில் முள் ஓரமாகக் கிடந்தது. மறுபடி அடைத்தான், மறுபடி தள்ளிவிட்டிருந்தார்கள். மூன்றாம் முறை வளைவிலேயே உட்கார்ந்துகொண்டான். வாழைப்பழக் கூடையோடு வந்த குப்பாயி, அவன் ஊர்க்காரி, அவனைக் கண்டதும் தயங்கினாள்.

"நல்ல பாதை இருக்கறப்ப ஏன் இந்தப் பள்ளத்துல எறங்கறீங்க?"

"பாதை நல்லாத்தாங்க இருக்குது மாமா. ஆனா மேலயிருந்து அடிவாரம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி இல்லீங்களே. ஊத்து இந்தப் பள்ளத்துக்குக் கீழ, அந்தப் பக்கமில்லீங்களா? போன மாசம் நம்ம ஊர் இருசாயி இங்கதான் வழுக்கி விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா."

கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "நீங்க ஏன் அந்தப் பக்கம் போடலைன்னு எல்லாருக்கும் தெரியுமுங்க. சொல்லத்தான் சங்கடம்."

ஊற்றையொட்டித்தான் வேலப்பன் வீடு. அந்தப் பக்கம் பாறை அதிகம் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சென்றாயன் சொல்லியிருந்தான். தானும் அதை நம்பியிருந்தான். மூங்கிலோடு அங்கே வந்து நின்ற அன்று, பொன்னாயி சாமை குத்தும் சத்தம் கேட்டதும் கை தானாக மறுபக்கம் திரும்பியது இப்போதுதான் உறைத்தது. ஓவர்சியரின் குழாய்க்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

மறுநாள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போனான். யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. நாற்பது நாள் தனியாக மண்ணை வெட்டி, கல்லைப் புரட்டி, பாதையை ஊற்றடிக்குத் திருப்பினான். பொன்னாயி வருவாள், குடத்தை நிறைப்பாள், போவாள். அவன் நிமிர மாட்டான். கடைசிப் படிக்கல்லை வைத்த அன்று அவள் அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள்.

"இந்தக் கல்லு ஆடுதுங்க."

"எங்க?"

"எடது பக்கம்."

சில்லுக்கல்லைச் செருகி இறுக்கினான். அவள் மறுபடி ஏறி, குடத்தோடு ஒரு சுற்றுத் திரும்பினாள். "இப்ப சரியா இருக்குது" என்றாள். நாலு வருஷத்தில் இருவரும் பேசியது இவ்வளவுதான்.

அதன்பின் ஏழாவது வளைவுச் சரிவில் புதர் மூடிவிட்டது. சந்தைக்குப் போகிறவர்கள் ஊற்றடியில் சுமையை இறக்கி, தண்ணீர் குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு எழுந்து போனார்கள். பாதையைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சென்றாயனும் மிளகு மூட்டையோடு அந்த வழியாகத்தான் இறங்கினான். புறப்படும்போதே வீட்டில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிடுவான். ஊற்றடியில் நிற்கமாட்டான்.