ஓடாத சீர்

யுவராணிக்கு முப்பத்திரண்டு வயது. அதில் எட்டு வருஷம் அடுத்தவர் நிலத்தை டைப் அடிப்பதிலேயே போய்விட்டது. ராஜபாளையத்தில் காலை எட்டே காலுக்குப் பஸ் ஏறி, பெரும்பாலும் நின்றுகொண்டே போய், ஸ்ரீவில்லிபுத்தூர் பத்திர ஆபீஸுக்கு எதிரே கிறிஸ்துராஜின் அறையில் உட்கார்ந்தால் சாயங்காலம் ஆறு வரை எழுந்திருக்க முடியாது. கிறிஸ்துராஜ் லைசென்ஸ் பெற்ற பத்திர எழுத்தர். அவர் வாயால் சொல்லுவார், இவள் விரலால் அடிப்பாள். வடக்கே இன்னார் நிலம், தெற்கே வண்டிப்பாதை, கிழக்கே ஓடை. அந்த நிலங்களில் ஒரு சென்டைக்கூட அவள் கண்ணால் பார்த்ததில்லை.

கிரயம், அடமானம் எல்லாம் வரும். அவளை அலுக்கவைப்பது விடுதலைப் பத்திரம்தான். அப்பா செத்த பிறகு அக்கா தங்கச்சிமார் தங்கள் பங்கை உடன்பிறந்தவனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது. 'எனக்குள்ள பாகத்தை மனப்பூர்வமாக விடுதலை செய்து கொடுத்திருக்கிறேன்' என்ற வரி அவள் விரல்களுக்கு மனப்பாடம். மனப்பூர்வமாகக் கொடுத்தவர்களின் முகங்களையும் அவள் நிறையப் பார்த்துவிட்டாள். புதுச் சேலை கட்டி வந்து, அண்ணனோ தம்பியோ வாங்கிக்கொடுத்த காப்பியைக் குடித்து, கேமராவைப் பார்க்கச் சொன்னால் பார்த்துவிட்டுப் போவார்கள். செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வெள்ளத்தாய் என்று ஒருத்தி, கையெழுத்துப் போட்டு நாலு வருஷம் கழித்து வந்தாள்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுச் சொல்லு தாயி."

யுவராணி வாசித்தாள். வெள்ளத்தாய், "அப்ப அந்த வீட்ல போயி நாலு நாள் இருக்கக்கூட எனக்குப் பாத்தியம் இல்லையா?" என்று கேட்டாள். அந்தப் பத்திரத்தை டைப் அடித்தவளே யுவராணிதான்.

அதனால்தான் முந்தின வருஷம் கார்த்திகையில் தம்பி பாண்டிச்செல்வம் வந்து கேட்டபோது அவள் மாட்டேன் என்றாள். வ. புதுப்பட்டியில் அப்பா விட்டுப்போனது ஒன்றேகால் ஏக்கர் தென்னந்தோப்பு. அம்மா ஆனந்தவல்லி தன் பங்கை மகனுக்கு எழுதிக்கொடுக்கத் தயாராக இருந்தாள். தம்பி போலீஸ்காரன், திருப்பூரில் வேலை. தோப்பை விற்று அங்கேயே வீடு கட்ட வேண்டும் என்றான்.

"நீயே அனுபவிச்சுக்கோ. ஒத்தத் தேங்கா கேக்க மாட்டேன். எம்பேரு மட்டும் இருந்துட்டுப் போகட்டும்," என்றாள் யுவராணி.

"ஒம்பேரு இருந்தா எவன்க்கா வாங்குவான்?"

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

அன்றோடு பேச்சு நின்றது. நம் ஊர்களில் இது ஒன்றும் அதிசயமில்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிற அண்ணன் தம்பிகள் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனால் யுவராணிக்கு இது தாங்கவில்லை. அவளுக்கு இருந்த ஒரே சிநேகிதம் அந்தத் தம்பிதான்.

அந்தச் சிநேகிதம் வளர்ந்தது ஒரு லேப்டாப்பில். பன்னிரண்டாம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப் முதலில் அக்காவுக்கு வந்தது, இரண்டு வருஷம் கழித்துத் தம்பிக்கு. பெட்டியை இயக்க உள்ளே விண்டோஸும் இருந்தது, லினக்ஸும் இருந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் விண்டோஸையே திறந்தார்கள். பென்டிரைவில் பாட்டு ஏற்றப் போன இடத்தில் வைரஸ் ஏறி அது ஆறே மாதத்தில் படுத்துவிட்டது. லினக்ஸ் மட்டும் பிழைத்துக் கிடந்தது. வேறு கதி இல்லாமல் அதைக் கட்டிக்கொண்ட அக்காவும் தம்பியும் பிறகு அதிலேயே கெட்டிக்காரர்களாகிவிட்டார்கள். வேலைக்குப் போன பிறகு இணையக் கடையில் தள்ளுபடி வரும் நாளாகப் பார்த்து ஆட்டங்கள் வாங்கினார்கள். அவர்களுக்குப் பிடித்தது லாரி ஓட்டும் ஆட்டம். ஆளுக்கொரு லாரி, முன்னும் பின்னுமாக, முகம் தெரியாத தேசத்து ரோட்டில் சரக்கு ஏற்றிக்கொண்டு போக வேண்டும். வாரத்தில் ஆறு நாள் பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் கையில் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரம் அவளிடம் யாரும் எதையும் வாசித்துக் காட்டச் சொல்லுவதில்லை.

தம்பி போலீஸ் சம்பளத்தில் புது லேப்டாப் வாங்கி விண்டோஸுக்குப் போய்விட்டான். இவள் மதுரையில் வாங்கிய பழைய ஆபீஸ் லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டுக்கொண்டு நின்றாள். விண்டோஸுக்கென்று செய்த ஆட்டத்தை லினக்ஸில் ஓடவைக்க நடுவில் ஒரு மென்பொருள் உண்டு, புரோட்டான் என்று பெயர். சில ஆட்டம் அதன் மேல் சறுக்கிக்கொண்டு போகும், சிலது முதல் அடியிலேயே குப்புற விழும். அதனால் எதை வாங்கினாலும் தம்பி முன்கூட்டியே, "அக்கா, ஒம்பெட்டில ஓடுமா?" என்று கேட்பான். ஓடியது, ஓடவில்லை என்று உலகத்தில் எவரெவரோ எழுதிவைத்திருப்பதை இவள் படித்துப் பார்த்துச் சொல்லுவாள்.

பேச்சு நின்ற பிறகு வந்த முதல் பொங்கலுக்குச் சீர் வரவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள்கொத்து வருவது வழக்கம். அது வராவிட்டால் தெருவே விசாரிக்கும். "தம்பிக்கு லீவு கெடைக்கல," என்று யுவராணி நாலு வீட்டில் பொய் சொன்னாள். அவள் புருஷன் கண்ணுச்சாமி ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறவன். அவனே ஒரு கட்டுக் கரும்பு வாங்கி வந்து வாசலில் சாய்த்துவைத்தான். அவன் அதைப் பற்றி ஒன்றும் பேசாதது அவளுக்கு இன்னும் வருத்தமாக இருந்தது.

இந்த வருஷம் போகி அன்று இணையக் கடையிலிருந்து ஒரு மெயில் வந்தது. பாண்டிச்செல்வம் உங்களுக்கு ஒரு பரிசு அனுப்பியிருக்கிறார், ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா என்று கேட்டது. அந்த லாரி ஆட்டத்தின் புதிய பதிப்பு. கீழே அவன் எழுதியிருந்தது இரண்டே வார்த்தை: 'பொங்கல் சீர்.'

அவள் யோசிக்கவே இல்லை. ஏற்கிறேன் என்பதை அழுத்திவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். அம்மாவுக்குப் போன் போட்டு, "தம்பி சீர் அனுப்பிட்டான்மா, வாங்கிட்டேன்," என்றாள். ஊரில் கிடைக்கிற கரும்பை விட்டுவிட்டு கம்பியில்லாத் தந்தியில் ஒருத்தன் சீர் அனுப்பினான் என்றால் ஆனந்தவல்லிக்கு என்ன புரிந்திருக்கும். இருந்தாலும், "நல்லாருங்க ரெண்டு பேரும்," என்றாள்.

ஆட்டம் ஓடவில்லை. புதிய பதிப்பு விண்டோஸுக்கு மட்டும் என்று போட்டிருந்தது. இந்தத் தடவை தம்பி கேட்காமலே வாங்கியிருந்தான். பேச்சே இல்லாதபோது எங்கே கேட்பது. பொங்கல் அன்று மத்தியானம் திறந்தாள், கறுப்புத் திரை வந்து அப்படியே நின்றது. முதல் தடவை நேரமெடுக்கும், பொறுத்திருங்கள் என்று எவனோ ஒரு புண்ணியவான் எழுதியிருந்தான். அவனை நம்பி அதைத் திறந்தபடி வைத்துவிட்டுச் சோறு வடித்தாள், துணி துவைத்தாள், மகளுக்குத் தலை பின்னிவிட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. புரோட்டானில் வேறு வெர்ஷன் மாற்றிப் பார்த்தாள். ஆட்டத்தில் இருக்கிறவர் பேருக்குப் பக்கத்தில் எரியும் பச்சை விளக்கைத் தம்பி பார்த்துவிடாமல் அணைத்துவைத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். ஒரே ஒரு தடவை எஞ்சின் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது, லாரி கண்ணில் படவில்லை.

ஷிப்டு முடிந்து வந்த கண்ணுச்சாமி எட்டிப்பார்த்தான். "என்னட்டி, ஓடுச்சா?"

"சத்தம் வருது."

"வண்டியில்லாம சத்தமா? நம்ம மில்லு மாதிரில்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு அவன் படுக்கப் போனான்.

தம்பிக்கு இரண்டு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். சீர் ஓடவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஓடவைத்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் லாரிக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும், அதுதான் அவள் ஆசை.

திங்கட்கிழமை ஆபீஸில் இருக்கும்போது அம்மா போன் செய்தாள். "புதன்கெழம தம்பி வாரான். நேரா ஒங்க ஆபீஸுக்கு வந்துருதானாம். பத்திரத்தத் திருப்பூர்லயே அடிச்சுக்கொண்டு வாரானாம்."

"என்ன பத்திரம்மா?"

"சீர வாங்கிட்டேல்ல. நீ மனசு எறங்கிட்டேன்னுதானே அர்த்தம். நாந்தான் அவன்ட்டச் சொன்னேன்."

யுவராணி போனை வைத்துவிட்டு முன்னாலிருந்த பத்திரத்தில் விட்ட இடத்தைத் தேடினாள். கண்ணுக்கு அகப்படவில்லை. கோபம்கூட ஒழுங்காக வரவில்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் ஒரு அலுப்புதான் வந்தது. நடுவே, அவன் அனுப்பியது சீரா அச்சாரமா என்று தெரியாத வேதனை. கேட்காமல் தலையாட்டியதும் அவள்தான். எத்தனை பத்திரத்தில் எத்தனை பேர் அப்படித் தலையாட்டுவதைப் பார்த்திருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கடைக்கு எழுதினாள். இந்தப் பரிசு வேண்டாம், கொடுத்தவருக்கே பணத்தைத் திருப்பிவிடுங்கள். காப்பி ஆறுவதற்குள் பதில் வந்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விளையாடிய ஆட்டத்தைத் திரும்ப எடுப்பதில்லை, தாங்கள் விளையாடியிருப்பது ஆறு மணி நாற்பது நிமிஷம். கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு அவள் சோறு வடித்த நேரமெல்லாம் கடைக் கணக்கில் விளையாட்டு நேரம். அவர்களைக் குற்றம் சொல்லவும் வழியில்லை, விதி முதலிலேயே எழுதியிருக்கிறது. பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் அதைப் படிக்கவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குப் பாண்டிச்செல்வம் வந்தான். மப்டியில் இருந்தான், நெற்றியோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. பதினாலு மாதத்தில் இவ்வளவா என்று நினைத்தாள். கிறிஸ்துராஜ் நிமிர்ந்து இருவரையும் பார்த்தார். "டீ குடிச்சிட்டு வாரேம்மா," என்று எழுந்து போனார். அவர் இந்தத் தொழிலில் முப்பது வருஷமாக இருக்கிறார்.

தம்பி பிளாஸ்டிக் உறையிலிருந்து பத்திரத்தை எடுத்து விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தான். திருப்பூரில் எவரோ அடித்தது. அவள் பழக்கதோஷத்தில் வாசித்தாள். சர்வே நம்பரில் ஒரு எண் தப்பாக இருந்தது. அதைக் காட்டிக்கொடுக்கவும் அலுப்பாக இருந்தது. பத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நான் போட மாட்டேன் செல்வம். அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும்."

"அப்பொறம் எதுக்குக்கா சீர வாங்குன? நானும் நம்பித்தானே லீவு போட்டு வந்திருக்கேன்."

"நீ அதுக்குத்தான் அனுப்புனியா?"

வெளியே டோக்கன் நம்பரை யாரோ கூப்பிட்டார்கள். "தெரியல," என்றான். "பொங்கல் வந்துச்சு, அனுப்பணும்னு தோணுச்சு. நீ வாங்கிட்டேன்னு அம்மா சொன்ன பொறவு இதுவும் தோணுச்சு."

"திருப்பி அனுப்பிறலாம்னு பாத்தேன். கடைக்காரன் வாங்க மாட்டேங்கான். ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிப்போச்சாம்."

"எம்புட்டு நேரம்?"

"கிட்டத்தட்ட ஆறே முக்கால்."

அவன் முகம் சுண்டிப்போனது. "அம்புட்டு நேரம் ஒத்தையில ஓட்டுனியா? எனக்கு ஒரு வார்த்த எழுதணும்னு தோணலையாக்கா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் ஒம்பேருக்குப் பக்கத்துல வெளக்கு எரியுதான்னு பாத்துக்கிட்டுல்லா இருந்தேன்."

"ஒரு அடிகூட ஓட்டல லே. அது எம்பெட்டில ஓடவே இல்ல. ஓடவைக்கத்தான் அம்புட்டு நேரமும்."

பாண்டிச்செல்வம் பத்திரத்தைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். வாசித்துக்காட்டச் சொல்லி நிற்கிறவர்கள் நிற்பதுபோலவே நின்றான். பிறகு கிறிஸ்துராஜின் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"எந்த வெர்ஷன் போட்டுப் பாத்த?"

அவள் சொன்னாள். அவன் வேறொன்றைச் சொன்னான். அதையும் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். எஞ்சின் சத்தம் மட்டும் வந்ததைச் சொன்னபோது அவன் சிரித்தான், அவளுக்கும் சிரிப்பு வந்தது. கிறிஸ்துராஜ் டீ குடித்துவிட்டு வந்து, தன் நாற்காலியில் ஆள் இருப்பதைப் பார்த்து மறுபடியும் வெளியே போனார்.

பன்னிரண்டரைக்கு அவன் எழுந்தான். பத்திரத்தைக் கசங்காமல் உறைக்குள் போட்டுக்கொண்டான்.

"அடுத்த மாசம் வாரேன்."

"பத்திரத்தோடயா?"

"பத்திரத்தோடதான்க்கா. எனக்கு வேற வழியில்ல."

அடுத்த மாதமும் மாட்டேன் என்றுதான் சொல்லப் போகிறாள். அதற்கடுத்த மாதமும் சொல்ல வேண்டியிருக்கும். நினைக்கும்போதே அலுப்பாக இருந்தது. ஆனாலும் பதினாலு மாதம் யாருமே வந்து கேட்காமல் இருந்ததைவிட இது எவ்வளவோ தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

"வா," என்றாள். "சர்வே நம்பர் தப்பா இருக்கு. திருத்திக்கிட்டு வா."